கையால கடைஞ்ச இங்க் பேனா தினசரி எழுத்துக்குத் தாங்குமா, ஆர்டர் பண்ணும்போது என்ன சொல்லணும்?

கேட்டது இதுதான்: லேத்துல கையால கடைஞ்ச எபோனைட் (கல்லு மாதிரி இறுக்கின ரப்பர்) பேனா ஒண்ணு 5000 ரூபாய்க்குள்ள ஆர்டர் பண்ண ஆசை, தினமும் கிளாஸ்ல நோட்ஸ் எடுக்கவும் வீட்ல தமிழ்ல எழுதவும் வேணும், ஆனா அது லீக் ஆகும், சட்டை பூரா மை ஆயிடும், ஷோகேஸ்ல வெக்கத்தான் லாயக்குன்னு கூட இருக்கறவங்க பயமுறுத்தறாங்க, நிஜமா?

தினமும் தாராளமா எழுதலாம். ஆனா கடையில தொங்கற பேனா வாங்கற மாதிரி கலர் பாத்து, டிசைன் பாத்து வாங்கினீங்கன்னா அவங்க சொல்றது நிஜமாவே நடந்துடும். கையால செய்யறவர்கிட்ட போறதோட முழு பலனும் நீங்க எப்படி எழுதறீங்கன்னு அவருக்குச் சொல்றதுலதான் இருக்கு. விரல் பிடிக்கற கழுத்து எவ்ளோ தடிமன், மை எப்படி ரொப்பறது, மூடி எத்தனை சுத்து, நிப்பு எவ்ளோ மெலிசு, இந்த நாலையும் நீங்க சொல்லலன்னா அவர் தன் கைக்கு வந்த அளவுல கடைஞ்சு அனுப்புவாரு, அது பாக்க அருமையா இருக்கும், உங்க கையில உக்காருமாங்கறது அதிர்ஷ்டம்தான்.

மொதல்ல இந்த லீக் பேச்சை முடிச்சிடறேன், ஏன்னா எல்லாரும் பயப்படறது அதுக்குத்தான், காரணத்தைச் சரியா சொல்றவங்க கம்மி. கையால செஞ்சதுக்கும் மை கக்கறதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. நம்ம நாட்டுல கடையற பேனா பலதும் ஐ-டிராப்பர் வகை, அதாவது உள்ள டியூப், ரப்பர் பை எதுவும் இல்லாம, கழுத்தைத் திருகிக் கழட்டி இங்க் ஃபில்லரால நேரா பேனா உடம்புக்குள்ளயே மை ஊத்தி மூடறது. அப்படி ஊத்தினா மூணு, மூணரை மில்லி கூட பிடிக்கும், கன்வர்ட்டர்ல, அதாவது பேனாவுக்குள்ள சொருகி, திருகி மை இழுக்கற சின்னக் குழாய்ல, முக்கால் மில்லிதான் பிடிக்கும், அதனாலதான் நாள் பூரா எழுதறவங்க ஐ-டிராப்பரை விட மாட்டாங்க. சிக்கல் எங்கன்னா, பேனாவுல இருந்து மை கீழ இறங்கணும்னா இறங்கின இடத்துக்குக் காத்து மேல போயாகணும். நிப்புக்கு அடியில இருக்கே அந்த கருப்புக் கட்டை, ஃபீட்னு சொல்றது, அதுல இருக்கற மெல்லிய வெட்டு வழியா மை இறங்க இறங்க காத்து ஏறும், 1884ல அமெரிக்கப் பேனாக்காரர் வாட்டர்மேன் பேட்டன்ட் வாங்கினது இந்த வெட்டுகளை ஒழுங்கா அமைச்சதுக்குத்தான், இன்னிக்கு வரைக்கும் அடிப்படை மாறல. சரி, பேனா பாதி காலியாகும்போது உள்ள பாதி காத்து. கையில பிடிச்சா அந்தக் காத்து சூடாகி விரியும். 27 டிகிரி ரூம்ல இருந்த பேனா கைச்சூட்டுல 34 டிகிரிக்குப் போனா உள்ள இருக்கற காத்து ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல விரியும். மை ஒரு மில்லியும் காத்து ரெண்டரை மில்லியும் இருந்தா விரியற அளவு ஏறக்குறைய 0.06 மில்லி, ஒரு சொட்டு மைங்கறதே சுமாரா 0.05 மில்லிதான், ஆக அந்த ஒரு சொட்டு போறதுக்கு வேற வழி இல்லாம உங்க நோட்டுல வந்து விழுது. இதே கன்வர்ட்டர்ல உள்ள காத்தே அரை மில்லிதான், விரிஞ்சாலும் ஒரு சொட்டுல கால் பங்கு கூட இல்ல, ஃபீட்டுல இருக்கற வரி வெட்டுகளே அதைப் பிடிச்சு வெச்சுக்கும். அதுவும் போக கன்வர்ட்டரைச் சுத்தி பேனா உடம்புக்குள்ள ஒரு காத்து இடைவெளி இருக்கறதால கைச்சூடு சீக்கிரம் உள்ள போகாது.

இந்தக் கணக்கு புரிஞ்சா மீதி எல்லாம் தானா வந்துடும். ஐ-டிராப்பர்ல மை மூணுல ஒரு பங்குக்கு இறங்கறதுக்கு முன்னாடியே ரொப்பிடணும், வத்தற வரைக்கும் ஓட்டக் கூடாது. ஏசி ரூம்ல இருந்து வெயில்ல வந்து உக்காந்து எழுதறதுக்கு முன்னாடி நிப்பை மேல பாக்க வெச்சு ஒரு நிமிஷம் உள்ளங்கையில மூடிப் பிடிச்சுக்கோங்க, விரியற காத்து மையைத் தள்ளாம சும்மா வெளிய போயிடும். கழுத்துத் திருகுல சிலிக்கான் கிரீஸ் லேசா தடவி இறுக்கணும், வாஸலின் வேண்டாம், ரப்பர் வளையம் ஏதாவது உள்ள போட்டிருந்தா அதை ஊறவெச்சுக் கெடுத்துடும். கிளாஸ்ல நோட்ஸ் எடுக்கறவருக்கு என் ஓட்டு கன்வர்ட்டருக்குத்தான். இப்ப பல மேக்கர்கள் ஒரே பேனாவுலயே மூணும் வர்ற மாதிரி, மை அடைச்சு வர்ற கார்ட்ரிஜும் போடலாம், கன்வர்ட்டரும் போடலாம், வேணும்னா எல்லாத்தையும் கழட்டிட்டு நேரா மையும் ஊத்திக்கலாம்னு செஞ்சு தர்றாங்க, அதைக் கேட்டு வாங்குங்க. வீட்ல உக்காந்து பக்கம் பக்கமா எழுதற சீசன்ல ஐ-டிராப்பரா மாத்திக்கலாம்.

எபோனைட் ஏன்னு கேப்பீங்க. அது ரப்பர்தான். ரப்பரோட நிறைய கந்தகம், எடையில மூணுல ஒரு பங்கு கிட்ட வரைக்கும் சேத்து பல மணி நேரம் வேக வெச்சா கல்லு மாதிரி இறுகிடும், அமெரிக்காவுல குட்இயர் குடும்பத்துல 1851லயே இதுக்குப் பேட்டன்ட் எடுத்தாச்சு. பிளாஸ்டிக் வர்றதுக்கு முன்னாடி உலகத்துல நல்ல பேனா எல்லாம் இதுலதான். லேத்துல போட்டு உளி வெச்சா ரிப்பன் ரிப்பனா சுருண்டு வரும், பட்டறை பூரா கந்தக வாடை அடிக்கும், உளி சீக்கிரம் மழுங்கிடும், அதனால கடையறவருக்கு வேலை ஜாஸ்தி. எழுதறவருக்கு என்ன லாபம்னா வேர்வைக் கையிலயும் வழுக்காது, உலோகம் மாதிரி எடுத்ததும் ஜில்லுன்னும் இருக்காது, அஞ்சு நிமிஷத்துல கைக்குப் பழகிடும், எடையும் கம்மி. அக்ரிலிக் கண்ணு பறிக்கற கலர்ல கிடைக்கும், பளபளப்பு குறையாது, தண்ணிக்கும் வெயிலுக்கும் அசையாது, ஆனா வேர்வைக் கை உள்ளவங்களுக்கு வழுக்கும், கீழ விழுந்தா மூடியோட வாயில கீறல் விடற வாய்ப்பும் உண்டு. சென்னை மாதிரி ஊர்ல மே மாசம் ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதறவருக்கு எபோனைட், அதுவும் பாலிஷ் போடாத மேட் ஃபினிஷ், இதுக்கு மேல ஒண்ணு இல்லங்கறது என் அழுத்தமான கருத்து.

எபோனைட்டுக்கு ஒரு குணம் இருக்கு, தெரிஞ்சு வாங்கணும். வெளிச்சமும் ஈரமும் சேந்தா மேல இருக்கற கந்தகம் மெல்ல ஆக்ஸிடைஸ் ஆகி கருப்பு நிறம் பழுப்பாவோ பாசிப்பச்சை கலந்த பழுப்பாவோ மங்கும். ஜன்னல் ஓரம் வெக்காதீங்க, ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போடாதீங்க, கொதிக்கற தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. வெள்ளி நகை வெக்கற டப்பாவுக்குள்ளயும் வேண்டாம், அந்தக் கந்தகம் வெள்ளியைக் கருக்க வெச்சுடும், அதே காரணத்துக்காக எபோனைட் பேனாவுக்கு வெள்ளி கிளிப் போடச் சொல்லாம ஸ்டீல் கிளிப் கேளுங்க.

இந்தத் தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நீங்க யாருக்குப் பணம் கொடுக்கறீங்கன்னு தெரிஞ்சு கொடுத்தா நல்லாருக்கும். ஆந்திராவுல ராஜமுந்திரியில ரத்னம் பேனா 1930கள்ல சுதேசி எண்ணத்துல பொறந்தது, காந்தி 1935ல அவங்க பேனாவை வாங்கி எழுதிப் பாத்து, கடைத்தெருவுல விக்கற வெளிநாட்டுப் பேனாவுக்கு இது நல்ல மாற்றுன்னு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினாரு. அந்தப் பேனா அவர் கைக்குப் போனது தஞ்சாவூர்ல பொறந்த, காந்தியோட கூட வேலை பாத்த ஜே. சி. குமரப்பா மூலமா. அதே ஊர்ல கைடர்னு இன்னொரு பழைய பட்டறையும் உண்டு. நம்ம பக்கம் திருவள்ளூர்ல ரங்கா, இன்னிக்கு அமெரிக்கா, ஐரோப்பாவுல பேனா பித்து பிடிச்சவங்க பேர் சொல்லிக் கேக்கற அளவுக்கு எபோனைட் பேனா கடைஞ்சு அனுப்பறாங்க. சென்னை பாரிஸ் கார்னர்ல ஜெம் அண்ட் கோ, பல தலைமுறை பாத்த பேனாக் கடை. நிப்புன்னு வந்தா சாத்தூர். சாத்தூர்னா சேவும் வெள்ளரிக்காயும்தான் இப்ப நினைவுக்கு வருது, ஆனா ஒரு காலத்துல நம்ம அப்பா தாத்தா ஸ்கூல்ல எழுதின பேனா நிப்பு ஏகப்பட்டது அந்த ஊர்ல சின்னச் சின்னப் பட்டறைகள்ல கை பிரஸ்ல அடிச்சு, வளைச்சு, பிளந்து வந்ததுதான், பால் பாயின்ட் பேனா வந்து ஸ்கூல் வரைக்கும் நுழைஞ்சதும் அந்தத் தொழில் படுத்துப் போச்சு. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் உண்டு, ஒரு ஊரே கத்து வெச்சிருந்த கைவேலை அது.

இப்ப அளவு. பெரும்பாலானவங்க இங்கதான் தடுமாறுவாங்க, ஏன்னா போட்டோவுல பேனா தடிமன் தெரியாது. கையால கடையற பேனாக்கள் பொதுவா பெருசா இருக்கும், உடம்பு 14, 15 மில்லிமீட்டர் சர்வ சாதாரணம். உங்க விரல் பிடிக்கற கழுத்துதான் முக்கியம். சின்னக் கை உள்ளவங்களுக்கு 10 மிமீ, நடுத்தரக் கைக்கு 11, பெரிய கைக்கு 12, இதைத் தாண்டினா ஆசைக்கு வெச்சுக்கலாம், மூணு மணி நேரம் நோட்ஸ் எடுக்க முடியாது. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி நீங்க இப்ப வலியில்லாம எழுதற ஏதோ ஒரு பேனாவை எடுத்து, அது பத்து ரூபா பேனாவா இருந்தாலும் பரவால்ல, விரல் படற எடத்துல ஒரு நூலை ஒரு சுத்து சுத்தி அளந்து மூணால வகுத்தா தோராயமா தடிமன் கிடைச்சுடும், அந்த நம்பரை மேக்கருக்குச் சொல்லுங்க. கழுத்து நிப்பு பக்கம் போகும்போது லேசா குறுகி, கடைசியில ஒரு சின்ன மேடு வந்து நிக்கணும், அந்த மேடு இல்லன்னா விரல் வழுக்கி நிப்பு மேலயே போயிடும், வீட்டுக்கு வந்தா கட்டைவிரல் நீலமா இருக்கும்.

நீளமும் அப்படித்தான். மூடியைப் பின்னாடி மாட்டி எழுதற பழக்கம் உங்களுக்கு இருக்கான்னு யோசிங்க. பெரிய எபோனைட் பேனாவுக்கு மூடியைப் பின்னாடி மாட்டினா பின்பக்கம் கனத்து மணிக்கட்டு வலிக்கும், அழுத்தி மாட்டினா மூடியோட வாய் விரியும், நாளாவட்டத்துல கீறல் விடும். மூடி மாட்டாமலேயே நிப்பு நுனியில இருந்து பின்நுனி வரைக்கும் 130 மிமீ கிட்ட இருந்தா போதும், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல சாஞ்சு உக்காந்துக்கும்.

மூடித் திருகு இன்னொரு விஷயம், யாரும் கேக்கவே மாட்டாங்க. பழைய முறையில ஒரே மரை வெட்டினா மூடியைக் கழட்ட மூணு நாலு சுத்து சுத்தணும், வாத்தியார் ஒரு வரி சொல்லி முடிச்சு அடுத்த வரிக்குப் போயிருப்பாரு. மூணு மரை ஒண்ணோட ஒண்ணு பின்னி வெட்டினா ஒண்ணே கால் சுத்துல கழண்டு வந்துடும். வெட்டறதுக்கு அதுக்குன்னு தனி டேப்பு, டைன்னு மரை வெட்டற கருவிகள் வேணும், எல்லாப் பட்டறையிலயும் இருக்காது, அதனால முன்னாடியே கேட்டுடுங்க. அதே மாதிரி மூடிக்குள்ள கழுத்து வந்து முட்டி அடைச்சுக்கணும், இல்லன்னா ரெண்டு நாள் எழுதாம வெச்சா நிப்புல மை காஞ்சுடும். இதை வாங்கின உடனே சோதிச்சுடலாம்: மை ரொப்பி மூணு நாள் தொடாம வெச்சு, திறந்து எழுதும்போது மொத எழுத்தே விழணும், விழலன்னா திருப்பி அனுப்பி மூடியை உள்ள சரி பண்ணச் சொல்லுங்க, நல்ல மேக்கர் முகம் சுளிக்காம செய்வாரு, கைவேலைக்காரர்கிட்ட வாங்கறதோட பெரிய வசதியே இதுதான், செஞ்ச ஆளு போன் எடுப்பாரு.

நிப்புக்கு வருவோம், இதுல நான் கொஞ்சம் நீளமா பேசுவேன். உடம்பு எவ்ளோ அழகா இருந்தாலும் பேப்பரைத் தொடறது அந்த முனையில இருக்கற ஒரு மிமீ கூட இல்லாத உருண்டைதான். அது ஸ்டீலும் இல்ல தங்கமும் இல்ல, இரிடியம் பாயின்ட்னு பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு, இப்பெல்லாம் ருதீனியம், டங்ஸ்டன் மாதிரி கெட்டியான உலோகக் கலவையைத்தான் முனையில வெல்டு பண்ணி ஒட்டறாங்க. அதனால தங்க நிப்புல எழுதினா வழவழன்னு இருக்கும், ஸ்டீல் நிப்பு கரகரன்னு இருக்கும்னு சொல்றது சரி இல்ல, வழவழப்பு முழுக்க அந்த உருண்டையைத் தேச்ச விதத்துலயும், பிளவுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற முனை ஒரே மட்டத்துல இருக்காங்கறதுலயும்தான். தங்கத்துல கிடைக்கறது லேசான துள்ளல், உங்க பட்ஜெட்டுல அது தேவையே இல்ல. ஜெர்மனியில இருந்து வர்ற ஜோவோ, பாக் கம்பெனி ஸ்டீல் நிப்பை நம்ம மேக்கர்கள் பலரும் போட்டுத் தர்றாங்க, நம்ம நாட்டு நிப்புலயும் நல்லது உண்டு, ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், மேக்கர் உக்காந்து சரி பண்ணித் தரணும். ஆறாம் நம்பர் சைஸ்ல கேளுங்க, அது உலகம் பூரா கிடைக்கற அளவு.

தமிழ்ல எழுதறதா சொன்னதால இதைச் சொல்றேன். இங்கிலீஷுக்கு மீடியம் நிப்பு அழகா இருக்கும், தமிழுக்கு அப்படி இல்ல. ண, ஞ, ணை, ஜ இதெல்லாம் சின்ன எடத்துல சுழி மேல சுழி, கோடு போட்ட நோட்டுல நடுத்தர அளவுல எழுதினா மீடியம் நிப்புல அந்தச் சுழிக்குள்ள இருக்கற வெள்ளை அடைஞ்சு போயி பொட்டு மாதிரி ஆயிடும். ஜெர்மன் நிப்புல ஃபைன்னா கோடு அரை மிமீக்குக் கொஞ்சம் கம்மியா விழும், அது சரியா இருக்கும், சின்ன எழுத்துக்காரங்களா இருந்தா எக்ஸ்ட்ரா ஃபைன். இன்னொண்ணு, தமிழ்ல பேனாவை அடிக்கடி எடுக்காம வளைச்சு வளைச்சு எல்லாத் திசையிலயும் ஓட்டறோம், கீழ இருந்து மேல தள்ளி எழுதற கோடும் ஏராளம், அதனால மேக்கர்கிட்ட நிப்பு ட்யூன் பண்ணி அனுப்பச் சொல்லும்போது நான் தமிழ் எழுதறேன், மேல் நோக்கிப் போகும்போது குத்தாம இருக்கணும்னு சொல்லுங்க. திருவள்ளூர்லயோ சென்னையிலயோ நேர்ல வாங்கினா அங்கேயே உக்காந்து "இங்ஙனம்", "ஞாயிற்றுக்கிழமை", "கண்ணாடி"ன்னு எழுதிப் பாருங்க, எல்லாரும் எட்டுப் போட்டு எட்டுப் போட்டுப் பாப்பாங்க, அதுல பாதி தெரியாது.

ஃபீட் எபோனைட்ல கேக்கணுமா பிளாஸ்டிக் போதுமா? எபோனைட் ஃபீட் மையை நல்லா உறிஞ்சி ஈரமா வெச்சுக்கும், வேகமா எழுதும்போது மை வத்தாம தொடர்ந்து வரும், நிப்போட இடைவெளி விட்டிருந்தா அந்த ஃபீட்டை மட்டும் சுடுதண்ணியில கொஞ்ச நேரம் வெச்சு விரலால அழுத்தி வளைச்சு ஒட்ட வெக்கவும் முடியும். பிளாஸ்டிக்ல அப்படி வளைக்க முடியாது. அதே சமயம் எபோனைட் ஃபீட் மையை தாராளமா விடும், சுமாரான பேப்பர்ல எழுதறவருக்கு அது தொல்லை. காலேஜ் நோட்டுல எழுதறவருக்கு ஜெர்மன் நிப்போட கூடவே வர்ற பிளாஸ்டிக் ஃபீட்டே போதும்.

பேப்பரைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை, ஜிஎஸ்எம், அதாவது பேப்பரோட எடைக் கணக்கு, பாத்து ஏமாறாதீங்க. மை பரவறது தடிமனால இல்ல, மேல போட்டிருக்கற பசைப் பூச்சு கம்மியா இருக்கறதால. கடையில ஒரு துளி எழுதிப் பாத்து வாங்கறதுதான் வழி. கார்பன் வெச்சு எழுதற பில்லு, படிவம் இதுக்கெல்லாம் இங்க் பேனா ஆகாது, அழுத்தணும், அழுத்தினா நிப்பு விரிஞ்சுடும், பையில ஒரு பால் பாயின்ட் கூட வெச்சுக்கோங்க.

மை சாதாரண கேமல், பிரில் ராயல் புளூவே தினசரிக்கு அருமை. விலை கம்மி, கழுவினா போயிடும், ஃபீட்டுல தங்காது. புதுப் பேனாவுக்கு மொத கொஞ்ச நாள் அதைத்தான் போடணும், ஏன்னா பேனா சரியா எழுதலன்னா குத்தம் பேனாவா மையான்னு அப்பதான் தெரியும். தண்ணி பட்டாலும் அழியாத, நுண்ணிய தூள் கலந்த பிக்மென்ட் மை, ஜிகினா மினுக்கற மை இதெல்லாம் வாரக்கணக்குல உள்ளயே காய விட்டா ஃபீட்டை அடைச்சுடும், எழுதிட்டே இருப்பேன், ஒழுங்கா கழுவுவேன்னு நம்பிக்கை இருந்தா மட்டும் போடுங்க. டிராயிங்குக்கு விக்கற இந்தியன் இங்க்கை எக்காரணம் கொண்டும் ஊத்தாதீங்க, அதுல அரக்கு கலந்திருக்கும், காஞ்சா கரையாது. ரெண்டு கம்பெனி மையைக் கலக்காதீங்க. அக்ரிலிக் உடம்புல ஐ-டிராப்பரா சிவப்பு மை ஊத்தினா கறை பிடிச்சு நிக்கும், கருப்பு எபோனைட்ல அந்தக் கவலையே இல்ல.

கழுவறது மாசத்துக்கு ஒருதரம், மை மாத்தும்போதெல்லாம் ஒருதரம். கன்வர்ட்டரைத் திருகித் திருகி தண்ணியை இழுத்து வெளிய விட்டா போதும், தெளிவா வர்ற வரைக்கும். போர் தண்ணி வேண்டாம், உப்பு படிஞ்சு அந்த மெல்லிய வெட்டெல்லாம் அடைஞ்சுடும், குடிக்க வெச்சிருக்கற ஆர்ஓ தண்ணியே எடுத்துக்கோங்க. உடம்பை ஈரத்துணியால தொடச்சு உடனே காய்ஞ்ச துணியால தொடச்சிடுங்க. ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக் கூடாது, குறிப்பா அக்ரிலிக்ல நுண்ணிய விரிசல் விடும். மேட் எபோனைட் நாளாக ஆக விரல் படற எடத்துல தானா ஒரு மெருகு ஏறும், அதை பாலிஷ் போட்டு சமம் பண்ண வேண்டாம், என்னைக் கேட்டா பேனாவுலயே அழகான பாகம் அதுதான்.

எழுதற விதமும் மாறணும், பால் பாயின்ட்ல நிமிர்த்திப் பிடிச்சு அழுத்தி எழுதிப் பழகின கை இது. பேனாவை பேப்பருக்கு 45, 50 டிகிரி சாய்ச்சு, அதோட எடையிலயே ஓட விடுங்க, மணிக்கட்டுல இருந்து எழுதாம முன்கையை நகத்தி எழுதப் பாருங்க. மொத வாரம் கையெழுத்து கொஞ்சம் கோணலா போகும், அப்புறம் பழையதை விட நல்லா வரும். ஒரே கோணத்துல பிடிக்கணும், பேனாவை விரல்ல உருட்டி உருட்டிப் பிடிக்கறவங்களுக்கு முனையோட ஒரு பக்கம் மட்டும் பேப்பர்ல பட்டு மை விட்டு விட்டு வரும். கையெழுத்துப் போட்டுட்டுத் தரேன்னு யாராவது கேட்டா மூடியை உங்க கையில வெச்சுக்கிட்டு பேனாவைக் கொடுங்க, திரும்பி வந்துடும், ஆனா அழுத்தி எழுதறவங்கன்னு தெரிஞ்சா அந்த பால் பாயின்ட்டையே நீட்டுங்க.

இடது கைக்காரரா இருந்தா மேக்கர்கிட்ட சொல்லுங்க, முனையைத் தள்ளி எழுதறதுக்குத் தோதா உருட்டித் தேச்சுக் கொடுப்பாரு, மை சீக்கிரம் காயற வகையா பாத்துக்கணும்.

எடுத்துட்டுப் போறது: சட்டைப் பையில நிப்பு மேல பாத்து, கிளிப்போட. கிளிப் இல்லாத மாடல் பாக்க சிற்பம் மாதிரி இருக்கும், ஆனா டெஸ்க்குல இருந்து உருண்டு விழற முதல் பேனா அதுதான், தினசரிக்கு கிளிப் அவசியம். பைக்ல போகும்போது பையில படுக்க வெச்சா குலுங்கிக் குலுங்கி மூடிக்குள்ள மை தெறிக்கும், நேரா நிக்கற மாதிரி ஒரு பவுச்சுல வைங்க. விமானத்துல மேல போகும்போது வெளிக்காத்தழுத்தம் குறையும், முன்னாடி சொன்ன அதே காத்து விரியற கதை, அங்க இன்னும் பெருசா நடக்கும், அதனால முழுசா ரொப்பியோ முழுசா காலி பண்ணியோ எடுத்துட்டுப் போங்க, ஏறும்போதும் இறங்கும்போதும் திறக்காதீங்க.

கெட்டுப் போனா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா 5000 ரூபா போடறவர் கேக்க வேண்டிய கேள்வி. மை விட்டு விட்டு வந்தா முதல்ல கழுவுங்க, பாதிப் பிரச்சினை அதுலயே போயிடும், புதுப் பேனான்னா கடையும்போது ஒட்டின எண்ணெய் உள்ள இருக்கும், பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணியில அலசினா சரியாயிடும். அதுக்கும் சரி வரலன்னா ஒரு பூதக்கண்ணாடியில முனையை நேருக்கு நேர் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல இல்லன்னா கீழ இறங்கி இருக்கறதை நகத்தால மெதுவா மேல தூக்கணும், ஒரே தடவையில இல்ல, துளித் துளியா. ஸ்கூல்ல எல்லாரும் செஞ்ச மாதிரி பிளவுக்குள்ள பிளேடு விடறது, சிமென்ட் தரையில தேய்க்கறது ரெண்டும் வேண்டவே வேண்டாம், பிளேடு உள்பக்கத்தைக் கீறி மை ஓட்டத்தையே கெடுத்துடும், தரை அந்த உருண்டையைத் தின்னுடும். பிளவுல தூசி சிக்கினா மெல்லிய பித்தளைத் தகடு விட்டு எடுக்கலாம். கீழ விழுந்து நிப்பு மடங்கினா பதறாதீங்க, ஆறாம் நம்பர் நிப்புதானே, வேற வாங்கி மாட்டிக்கலாம். சில பேனாவுல நிப்பும் ஃபீட்டும் சேந்து திருகிக் கழட்டற யூனிட்டா வரும், சிலதுல சும்மா சொருகி இருக்கும், தினசரிக்கு திருகு யூனிட் வசதி, யார் வேணா மாத்திடலாம். கழுத்து உடைஞ்சா அதை மட்டும் கடைஞ்சு தருவாங்க, மூடி உடைஞ்சா மூடி மட்டும், பேனாவைத் தூக்கிப் போட வேண்டிய நிலைமை வராது. ஆர்டர் கொடுக்கும்போதே உதிரி நிப்பு யூனிட் ஒண்ணும் கன்வர்ட்டர் ஒண்ணும் சேத்து வாங்கி வெச்சுடுங்க, உங்க பட்ஜெட்டுக்குள்ளயே அடங்கற மாதிரி பேனா மாடலைக் கொஞ்சம் எளிமையா எடுத்துக்கிட்டா போதும், அலை அலையா கலர் ஓடற எபோனைட்டுக்குப் பதிலா சாதா கருப்பு எடுத்தா அந்த வித்தியாசமே இதுக்குக் கைகொடுக்கும்.